பழைய பைக்கில் பெட்ரோல் டேப் ஒழுகினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பெட்ரோல் டேப் ஒழுகுகிறது என்று சொல்லி ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய பைக்குகள் பலவற்றில் ஒழுகுவது டேப்பே அல்ல. டேங்குக்கும் டேப்புக்கும் நடுவே உள்ள வாஷரோ, டேப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபோ, கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ பைப்போ கசிய, அந்தப் பெட்ரோல் இரும்பின்மேல் மெல்லிய படலமாக வழிந்து, தாழ்ந்த இடத்தைத் தேடி வந்து சொட்டுகிறது. சொட்டு விழும் இடத்தைப் பார்த்துப் பழியைத் தீர்மானித்துவிட்டுப் புது டேப் வாங்கி மாட்டினால், மறுநாள் காலையிலும் அதே இடத்தில் ஈரம் இருக்கும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் கசிவு எங்கே பிறக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே இந்த வேலையின் பெரும்பகுதி. அதன் பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு ரப்பரும் இரண்டு வாஷரும் மாற்றும் வேலைதான்.

இங்கே சொல்லப்படுபவை கார்புரேட்டர் வைத்த, கையால் திருப்பும் டேப் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். யமஹா ஆர்எக்ஸ் 100 (1985 முதல் 1996 வரை வெளிவந்தது), ஹீரோ ஹோண்டா சிடி 100, பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட், யெஸ்டி ஆகியவை சேலத்திலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் இன்னும் அன்றாடப் பிழைப்புக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த ஊர் வண்டிகளுக்கு இரண்டு கூடுதல் சோதனைகள் உண்டு. அடிவாரத்தில் வெயில் காய்கிற வெக்கையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் போய் அதே நாளில் திரும்பி வருவது ஒன்று. பெட்ரோலில் எத்தனால் கலப்பது மற்றொன்று: 2022-இல் பத்து சதவீதத்தை எட்டிய கலப்பு, 2023 பிப்ரவரியில் இருபது சதவீதப் பெட்ரோல் அறிமுகமான பிறகு மேலும் ஏறிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வார்க்கப்பட்ட ரப்பர் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. அது சில வண்டிகளில் ஊறி வீங்குகிறது, சிலவற்றில் காய்ந்து விறைக்கிறது, எப்படியானாலும் தன் அளவில் நிற்பதில்லை.

வேலை தொடங்குவதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், சற்றுத் தொலைவில் உள்ள நெருப்பைத் தொட்டுத் திரும்பி வரக்கூடியது. மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை அது வெளிவிடுகிறது என்பதால், ‘காலை நேரம், குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது’ என்ற சமாதானம் எதற்கும் உதவாது. வண்டியை வீட்டு நடையிலோ உள்கூடத்திலோ நிறுத்தும் பழக்கம் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் இருக்கிறது. அங்கே டேங்கைத் திறக்காமல் வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். சமையலறை அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி ஆகியவற்றை எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டிலேயே, அல்லது பக்கத்து வீட்டில், வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருந்தால் பற்றவைப்பு ஊதுகுழலின் தீ நாள் முழுவதும் எரிந்துகொண்டிருக்கும் என்பதைச் சேலத்துக்காரர்கள் தனியே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவுமே தவிர அணையாது. டேங்கிலுள்ள பெட்ரோலைப் பெட்ரோலுக்கென்றே உள்ள கேனிலோ, மூடியுள்ள தகர டப்பாவிலோ இறக்குங்கள். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், நுரையீரலுக்குள் ஒரு வாய்ப் பெட்ரோல் போனாலும் ஆபத்து.

கசிவின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிப்பது

டேப், அதன் மேலுள்ள டேங்கின் அடிப்பரப்பு, ட்யூப், கார்புரேட்டர் ஆகியவற்றை முதலில் துணியால் சுத்தமாகத் துடைத்து உலரவிட வேண்டும். பழைய அழுக்கும் ஆயிலும் ஒட்டியிருக்கும்வரை புதுக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. துடைத்த பிறகு, மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் டிஷ்யூ காகிதத் துண்டுகளைச் சுற்றி வையுங்கள்: டேங்கோடு டேப் சேரும் இடத்தில் ஒன்று, லீவரைச் சுற்றி ஒன்று, அடியிலுள்ள கப்பில் ஒன்று, ட்யூப் ஏறும் முனையில் ஒன்று. டேப்பை ஆஃபில் வைத்து அரை மணி நேரமும், ஆனில் வைத்து அரை மணி நேரமும் காத்திருந்து பார்த்தால், எது முதலில் நனைகிறதோ அதுதான் இடம். எல்லாம் நனைந்திருந்தால் இருப்பதிலேயே உயரமான ஈரம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். பழைய கசிவாக இருந்தால் காகிதம்கூடத் தேவையில்லை. பெட்ரோல் ஆவியான பிறகு அது விட்டுச்செல்லும் தேன் நிறக் கறை கசியும் இடத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடாக இறங்கியிருக்கும்.

டேப் திறந்திருக்கும்போதுமட்டும் பெட்ரோல் போகிறதா, மூடிய பிறகும் போகிறதா என்பது இரண்டாவது கேள்வி. கார்புரேட்டர் பக்கத்தில் ட்யூபைக் கழற்றி, அதன் நுனியை ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, டேப்பை ஆஃபில் வையுங்கள். ட்யூபில் தங்கியிருந்த பெட்ரோல் வடிந்து முடிந்த பிறகும் பாட்டிலில் சொட்டு விழுந்துகொண்டிருந்தால் டேப் உள்ளே மூடவில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும் என்று எண்ணி முடித்துவிடக் கூடாது. அரை மணிக்கு ஒரு சொட்டு என்ற விகிதத்தில் கடத்தும் டேப்புகளும் உண்டு.

டேங்கும் டேப்பும் சேரும் இடத்தில் ஈரம்

இது எளிய கோளாறு. இரண்டு போல்ட்டில் நிற்கும் டேப்பாக இருந்தால் நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும்; அது தட்டையாக அமுங்கிப் போயிருக்கும், அல்லது விறைத்து விரிசல் விட்டிருக்கும். அதை மாற்றும்போதே போல்ட்டுகளின் தலைக்கு அடியிலுள்ள சிறு ஃபைபர் வாஷர்களையும் மாற்றுங்கள். பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பல டேங்குகளில் போல்ட் ஏறும் துளை டேங்கின் உள்ளேவரை போவதால், வளையம் புதிதாக இருந்தாலும் பெட்ரோல் போல்ட்டின் மரைவழியே இறங்கி வந்துவிடும். சாதாரண இரும்பு வாஷர் போட்டு இறுக்கினால் அது நிற்காது.

ஒரே பெரிய நட்டில் நிற்கும் டேப்பாக இருந்தால் நட்டை இறுக்கி இறுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. அளவுக்கு மீறினால் டேங்கின் அடியில் பற்றவைத்திருக்கும் மரைக்கழுத்து விரிசல் விட்டு, ரப்பரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை டேங்க் வெல்டிங்கில் போய் நிற்கும். வாஷர் உட்காரும் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். துரு மேடு தட்டினால் மெல்லிய வாட்டர் பேப்பரால் சமன்செய்த பிறகு புது வாஷர் போடுங்கள்.

டெஃப்லான் நாடா சுற்றுவதும், கேஸ்கட் பேஸ்ட் பூசுவதும் இங்கே வேண்டாம். டெஃப்லானின் நூலிழைகள் பிய்ந்து போய், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளையான பைலட் ஜெட்டை அடைக்கின்றன. பழைய மெக்கானிக்குகள் கைவசம் வைத்திருக்கும் சல்லாக் என்ற அரக்குப் பூச்சு ஒரு காலத்தில் நன்றாகவே வேலை செய்தது, ஏனென்றால் அது பெட்ரோலில் கரையாது. ஆனால் அது எத்தனாலில் கரையும் பொருள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குவரை எத்தனால் இருப்பதால், பூசிய சல்லாக் நாளடைவில் இளகி, கசிவும் திரும்பி வரும், கார்புரேட்டரிலும் பிசின் படியும்.

லீவரைச் சுற்றிக் கசிகிறது

லீவர் டேப்புகளில் பெரும்பாலான தொல்லை இங்கேதான். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் லீவரின் முன்தகட்டை இரண்டு சிறு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. அவற்றைக் கழற்றினால் தகடு, அலைபோல் வளைந்த ஸ்பிரிங் வாஷர், லீவர், அதன் பின்னால் துளைகள் உள்ள வட்ட ரப்பர் என்ற வரிசையில் வெளியே வரும். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். ஸ்க்ரூவின் தலை மிருதுவான உலோகம் என்பதால் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை நன்கு அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். தலை மழுங்கிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும். சில டேப்புகளில் இந்தத் தகடு ஸ்க்ரூவுக்குப் பதிலாக ரிவிட் அடித்து மூடப்பட்டிருக்கும். அவற்றைத் திறந்து மூட முயல்வதைவிட முழு டேப்பாக மாற்றிவிடுவதே நல்லது.

வெளியே எடுத்த ரப்பரை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல ரப்பரின் முகம் ஒரே சீராக, ஒளிராமல், மங்கலாக இருக்கும். தேய்ந்த ரப்பரின் முகத்தில் லீவர் சுழன்ற பாதை பளபளப்பான வளையமாகப் பதிந்திருக்கும், துளைகளின் விளிம்புகள் உள்பக்கம் சரிந்திருக்கும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் மேலெழாமல் அப்படியே நிற்கும். எத்தனாலில் ஊறிய ரப்பராக இருந்தால் அதன் குழியைவிடப் பெரிதாகி விளிம்பில் அலை அலையாக நிற்கும்; அதை வெயிலில் காயவைத்துச் சுருக்கித் திரும்பப் போடுபவர்கள் இருக்கிறார்கள், ஒரு வாரம்கூட அது தாங்காது. ரப்பரைத் திருப்பிப் போடுவதும், அதன் பின்னால் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வைப்பதும் அதே வகை வைத்தியம். சைக்கிள் ட்யூப் பெட்ரோலில் ஊதிப்போகும்.

கடையில் “நாலு ஓட்டை ரப்பர்” என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். ஆனாலும் பழைய ரப்பரைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்குங்கள். வெளிவட்டம் பொருந்தினாலும் துளைகளின் இடமோ கனமோ மாறுபடும் ரகங்கள் உண்டு. கனம் குறைந்தால் ஒழுகும், கூடினால் லீவர் திரும்பாது. நைட்ரைல் ரப்பர் ஓரளவு தாங்கும், வைட்டான் என்று கேட்டு வாங்கக் கிடைத்தால் எத்தனாலுக்கு அது இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

புது ரப்பர் போட்டும் கசிகிறதென்றால் குற்றம் லீவரின் உள்முகத்தில் இருக்கிறது. டேங்கிலிருந்து வரும் துருத்தூள் ரப்பருக்கும் லீவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு முறை திருப்பும்போதும் உலோகத்தில் கோடு கிழிக்கிறது. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சமமான பலகைமேல் வைத்து, அதன்மேல் ஆயிரத்து இருநூறாம் நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, சிறிது மண்ணெண்ணெய் விட்டு, லீவரின் முகத்தை எட்டு போடுவதுபோல் சீரான அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். கோடுகள் மறைந்து முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமானதும் நிறுத்திவிடுங்கள். நடுவில் பள்ளமாக ஒரு திட்டு மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தால் அரிப்பு ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள். டேப்பின் உடலிலேயே வெள்ளைப் பொடி பூத்துச் சிறு குழிகள் விழுந்திருந்தாலும் அப்படித்தான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் மழைக்கால மூடுபனியில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் துத்தநாகக் கலவை வார்ப்பு இப்படி அரிந்துபோவது வியப்பல்ல. அரிந்த உடலுக்கு ரப்பர் மாற்றிப் பயனில்லை.

திரும்பப் பூட்டும்போது ரப்பரின் முகத்தில் ஒரு துளி என்ஜின் ஆயில் தடவினால் முதல் திருப்பலில் அது மடங்காது. கிரீஸ் வேண்டாம், பெட்ரோலில் கரைந்து ஜெட்டுக்குப் போய்விடும். இரண்டு ஸ்க்ரூக்களையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, லீவர் இரண்டு விரலால் சற்று முயன்று திருப்பும் இறுக்கத்தில் நிற்கும்போது விட்டுவிடுங்கள்.

அடியிலுள்ள கப்பில் சொட்டு

கப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு ஓ-ரிங்கும் வலையும் இருக்கும். ஓ-ரிங்கை மாற்றினால் இந்தக் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும். கப்பை ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு இறுக்க வேண்டியதில்லை. அதன் அடியில் தண்ணீர் தனியாக உருண்டு திரண்டிருக்கிறதா, செம்மண் நிறத்தில் துரு தங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துரு நிறைய இருந்தால் டேங்கைக் கழுவாமல் மாட்டும் எந்தப் புது ரப்பருக்கும் ஆயுள் இல்லை.

டேப் மூடியிருந்தும் ஓவர்ஃப்ளோ பைப் சொட்டுகிறது

கார்புரேட்டரில் மிதவை உயர்ந்து நீடில் வால்வை அடைத்துப் பெட்ரோலை நிறுத்துகிறது. அது அடைக்கத் தவறினால் அதிகப் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ பைப் வழியே கீழே போகிறது. டேப்பை ஆன் செய்தால் சொட்டுகிறது, ஆஃப் செய்தால் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது என்றால் டேப் நன்றாக இருக்கிறது, நீடில்தான் அடைக்கவில்லை. ஆஃப் செய்த பிறகும் விடாமல் சொட்டினால் நீடிலும் அடைக்கவில்லை, டேப்பும் மூடவில்லை. இரண்டில் எது ஒழுங்காக இருந்திருந்தாலும் தரை நனைந்திருக்காது. இந்த நிலையில் ஒன்றை மட்டும் சரிசெய்தாலே சொட்டு நின்றுவிடுவதால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். மற்றது மறைந்திருந்து, அடுத்த முறை இதைவிடப் பெரிய தொல்லையாக வருகிறது. சொட்டு நின்றுவிட்டாலும் இரண்டையும் பார்த்துவிடுவதே என் கட்சி.

மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி நீடிலின் கூர்முனையைப் பாருங்கள். ரப்பர் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். பள்ளம் இல்லையென்றால் நீடில் உட்காரும் பித்தளை இருக்கையில் தூசி ஒட்டியிருக்கலாம். காதுக் குச்சியில் கார்புரேட்டர் க்ளீனரைத் தொட்டுத் துடைத்தால் போதும், கம்பியை உள்ளே விட்டுக் குடைய வேண்டாம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலவென்று கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் நிரம்பிய மிதவை அது, உயரவே உயராது. இவை எல்லாம் சரியாக இருந்தும் சொட்டினால், கிண்ணத்தின் நடுவே நிற்கும் சிறு ஓவர்ஃப்ளோ குழலைச் சந்தேகியுங்கள். அந்தப் பித்தளைக் குழல் நெடுக்கில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தால், பெட்ரோல் மட்டம் சரியாக இருக்கும்போதே அது வடித்துக்கொண்டிருக்கும். கிண்ணத்தைத் தனியே எடுத்துப் பெட்ரோல் ஊற்றிக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரிவில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் மட்டும் சொட்டுகிற வண்டிகள் ஏற்காட்டில் அதிகம். சமதளத்தில் நீடில் சரியாக அடைத்தாலும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் நிற்கும்போது மிதவை கோணலாகி நீடிலை முழுதாகத் தள்ளாது. இது கார்புரேட்டரின் கோளாறு அல்ல. நிறுத்தியதும் டேப்பை ஆஃப் செய்வதற்கு இதுவே போதுமான காரணம், அந்த ஆஃப் உண்மையிலேயே மூட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

என்ஜின் ஆயில் கூடுகிறது, அல்லது கிக்கர் இறங்க மறுக்கிறது

இது ஒழுகல் வெளியே தெரியாத வகை, ஆகவே மோசமான வகை. டேப்பும் மூடவில்லை, நீடிலும் அடைக்கவில்லை, ஓவர்ஃப்ளோ பைப்போ அழுக்கால் அடைபட்டிருக்கிறது என்றால், பெட்ரோல் வேறு வழியின்றி என்ஜினுக்குள் போகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் அது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கும், ஆயில் தண்ணீர்போல் ஓடும், முகர்ந்தால் பெட்ரோல் நெடி அடிக்கும். அந்த ஆயிலோடு என்ஜினை ஓட்டினால் பேரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துவிடும். ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் கிராங்க் அறையில் தேங்கி, பிளக் நனைந்து, எத்தனை உதைத்தாலும் பிடிக்காது.

கிக்கர் பாதியில் கல்போல நின்றால் ஏறி நின்று மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் திரவம் நிரம்பியிருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். ட்யூபைக் கழற்றி, பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயரை வண்டியிலிருந்து தள்ளி வைத்து, சாவியை ஆஃபில் வைத்துக்கொண்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள். பிளக் துளைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். வழிந்ததைத் துடைத்து, ஆவி கலைய நேரம் கொடுத்த பிறகே பிளக்கைப் பூட்டுங்கள்.

ரிசர்வுக்கு விழாமலே வண்டி நின்றுவிடுகிறது

டேப்பின் மேல்பகுதியில் டேங்குக்குள் நீண்டிருக்கும் குழல் ஆனுக்கு உரியது, அடித்துளை ரிசர்வுக்கு உரியது. குழல் அடியில் விரிசல் விட்டாலோ கழன்று விழுந்தாலோ, ஆனில் ஓடும்போதே ரிசர்வும் சேர்ந்து தீர்ந்துவிடும். தேய்ந்த நாலு ஓட்டை ரப்பரும் துளைக்குத் துளை உள்ளுக்குள்ளேயே கடத்தி இதையே செய்யும், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல். லீவரைத் திருப்பிய பிறகும் வண்டி எழவில்லை என்றால் டேப்பைக் கழற்றிக் குழலை ஆட்டிப் பாருங்கள். குழல் உறுதியாக இருந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

வெயிலில் நின்றால் ஒழுகுகிறது, மலையிறங்கும்போது திணறுகிறது

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுபோலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றாக இருக்கக்கூடும்: டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருப்பது.

வெயிலில் நிற்கும் டேங்கில் பெட்ரோல் விரிகிறது, ஆவியும் பெருகுகிறது. பத்து லிட்டர் பெட்ரோல் இருபது டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 190 மில்லி கூடுகிறது. மூடியின் துளை திறந்திருந்தால் ஆவி அதன் வழியே போய்விடும். அடைபட்டிருந்தால் அந்த அழுத்தம் முழுவதும் டேப்பின்மேல் விழுந்து, காலையில் சொட்டாத ரப்பர் மதியம் சொட்டுகிறது. துளை திறந்திருந்தும் விளிம்புவரை நிரப்பிய டேங்க் வெயிலில் மூடிவழியே வழிந்து, டேங்கின் பக்கவாட்டில் இறங்கி, டேப்பின் அடியில் சொட்டுவதும் உண்டு. கழுத்துக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு நிரப்பச் சொன்னால் பங்கில் முறைக்கத்தான் செய்வார்கள்.

மலையிறங்கும்போது இதன் எதிர்ப்பக்கம் நிகழ்கிறது. சேலத்தின் காற்றழுத்தம் ஏற்காட்டைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அதிகம். மேலே மூடப்பட்ட டேங்கோடு அடிவாரத்துக்கு வந்தால், வெளியே அழுத்தம் ஏற ஏற டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்க மறுக்கிறது. வண்டி அடிவாரப் பக்கத்துக் கோரிமேட்டைத் தொடுவதற்குள் இருமி நின்றுவிடும். உடனே மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, அதன் பிறகு வண்டி பிடித்துக்கொண்டால் டேப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; மூடியைக் கழற்றித் துளையை மெல்லிய செம்புக் கம்பியாலும் காற்றாலும் சுத்தம் செய்துவிடுங்கள். ஓசை எதுவும் கேட்கவில்லை, டேங்கிலும் பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், சரிவில் பெட்ரோல் டேங்கின் முன்பக்கம் ஓடிப்போய்ப் பின்னால் உள்ள டேப்பை எட்டவில்லை என்று பொருள். ரிசர்வுக்குத் திருப்பிச் சமதளம்வரை வந்து சேருங்கள்.

ட்யூப்

கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ட்யூப் அழகாக இருக்கும், பெட்ரோல் ஓடுவதும் தெரியும், ஆனால் சீக்கிரமே மஞ்சளித்து விறைத்து, முனையில் பிடியை விட்டுவிடும். பெட்ரோலுக்கென்று விற்கும் ரப்பர் ட்யூபைச் சரியான உள்ளளவில் வாங்கி, இரு முனையிலும் கிளிப் போடுங்கள். பழைய ட்யூபை இழுத்துப் பிடுங்கினால் டேப்பின் முனையே ஆடிப்போகும், ஆகவே பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பது பாதுகாப்பானது.

கார்க், கூம்பு டேப்புகள்

மிகப் பழைய சில வண்டிகளில் இழுத்துத் தள்ளும் டேப்புக்குள் ரப்பருக்குப் பதில் கார்க் இருக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் கார்க் காய்ந்து சுருங்குவதால் பெட்ரோல் ஊற்றிய அன்றே ஒழுகும். தண்டைக் கழற்றிக் கார்க்கை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் அது பருத்துப் பொருந்தும். உதிர்ந்துபோன கார்க்குக்கு இது பலிக்காது. பித்தளைக் கூம்பு சுழலும் வகை டேப்புகளில் ரப்பரே கிடையாது. வால்வு கிரைண்டிங் பேஸ்டில் மிக நுண்ணிய ரகத்தைத் தொட்டு, கூம்பை அதன் கூட்டிலேயே வைத்து முன்னும் பின்னுமாகச் சுழற்றிப் பதப்படுத்தி, பிறகு பேஸ்ட் துளியும் மிஞ்சாமல் கழுவிப் பூட்ட வேண்டும்.

வழியில் ஒழுகத் தொடங்கினால்

மலைப்பாதை நடுவில் டேப் ஒழுகினால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். சூடான சைலன்சரின்மேல் சொட்டுகிறதா என்று பாருங்கள், சொட்டினால் வண்டியை ஓட்ட வேண்டாம், மேலே போகவும் வேண்டாம் கீழே இறங்கவும் வேண்டாம். சைலன்சருக்கு விலகி, டேங்கோடு சேரும் இடத்தில் மெல்லக் கசிகிறதென்றால், உலர்ந்த சலவைச் சோப்பைப் பிசைந்து அந்த இடத்தில் அழுத்தி வைக்கும் பழைய உபாயம் வீடுவரை தாங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அது முன்புபோல் நெடுநேரம் நிற்பதில்லை.

பூட்டிய பிறகு சோதனை

டேங்கை உடனே நிரப்பிவிடாமல் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி, முன்பு சொன்னபடி காகிதம் சுற்றி, ஆஃபில் அரை மணி, ஆனில் அரை மணி பாருங்கள். பிறகு முக்கால் டேங்க் ஊற்றி ஓர் இரவு, வெட்டவெளியில், அடியில் காய்ந்த அட்டையை விரித்து நிறுத்துங்கள். பெட்ரோலின் எடை கூடும்போதுதான் சில வாஷர்கள் குணத்தைக் காட்டும். காலையில் அட்டையில் கறை இல்லையென்றால் ஒரு சுற்று ஓட்டி என்ஜின் சூடான நிலையில் மறுபடியும் தடவிப் பாருங்கள். புது ரப்பர் பெட்ரோலில் ஊறி அமர்ந்த பிறகு லீவர் சற்று இறுகியோ தளர்ந்தோ போவது இயல்பு; சில நாள் கழித்து முன்தகட்டு ஸ்க்ரூக்களை ஒரு கால் திருப்புக்குள் சரிப்படுத்திக்கொள்ளலாம். வடித்தெடுத்த பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். துருவும் தண்ணீரும் அடியில் தங்கும்வரை அசையாமல் வைத்து, மேலாக உள்ள தெளிவை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றிக்கொள்ளலாம். அடியில் மிஞ்சும் வண்டலை, பழைய ஆயிலை வாங்கிச் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுங்கள்.